ஏரு என்றார், ஏரி என்று எழுதினேன்

படிப்பவரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். அனுதாபியாக அல்ல. அனுதாபி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடலாம். சாட்சிக்கு அந்த உரிமை இல்லை.

வியாழக்கிழமை. காலை ஒன்பது ஐம்பத்தொன்று. வண்டி சாய்கிறது.

"எறங்கு! எறங்கு! இந்தப் பக்கமா எறங்கு!"

கத்துகிறவர் முனிரத்தினம். எங்கள் ஆம்புலன்ஸின் ஓட்டுநர். இடப்பக்கப் பின்சக்கரத்தின் அடியில் ஏரிக்கரை கரைந்துகொண்டிருக்கிறது. முதலில் ஈரத்துணி கிழிகிற சத்தம். அது நீள்கிறது. பிறகு மண் மொத்தமாகத் தண்ணீரில் விழுகிற சத்தம். நான் முன்கதவு வழியாக விழுந்தேன். முழங்கால் சேற்றில் புதைந்தது. ரேவதி அக்கா பின்னால் இருக்கிறார். மருத்துவ உதவியாளர். அவர் உடனே குதிக்கவில்லை. ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளினார். மருந்துப் பையை எறிந்தார். ஆக்சிஜன் சிலிண்டரை இரண்டு கையாலும் உருட்டிவிட்டார். அதன் பிறகே குதித்தார்.

வண்டி போயிற்று. அவசரமாகப் போகவில்லை. பின்பக்கம் முதலில். சைரனை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. பாதி முழுகிய பின்னும் அது அலறிக்கொண்டிருந்தது. ஒன்பது ஐம்பத்து நான்குக்கு அடங்கியது. அதன் பின் மழையின் சத்தம் மட்டும்.

நாங்கள் அங்கே இருந்திருக்கவே கூடாது. நோயாளி அங்கே இல்லை. எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது ஓர் எழுத்து. அதை எழுதியவன் நான்.

அந்த வெள்ள நாள்களை நான் போர் என்கிறேன். அப்படிச் சொல்லலாமா என்று ஒருவர் எழுந்து கேட்கக்கூடும். நானும் மேடைகளில் அப்படி எழுந்து கேட்டவன்தான். குண்டு விழவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏழு நாள்களில் எங்கள் வாயில் இருந்த சொற்களைக் கேளுங்கள். சூளூர்பேட்டைப் பக்கம் விழுந்தது. வரதய்யபாளையம் சாலை விழுந்தது. சத்தியவேடு துண்டானது. பிச்சாட்டூர் இன்னும் நிற்கிறது. இப்படித்தான் பேசினோம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு சாலை குறைந்தது. யாரை எடுப்பது, யாரை விடுவது என்று உயிரோடு இருப்பவர்களைப் பார்த்து முடிவு செய்தோம். இதற்கு வேறு பெயர் இருந்தால் கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

திருப்பதியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை இருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை. பிழை அதனுடையதல்ல. ஆந்திர-தமிழ்நாட்டு எல்லை ஊர்களில் அதன் வண்டிகள் ஓடுகின்றன. விபத்துக்கு மட்டுமல்ல. சிறுநீரகம் செயலிழந்தவர்களை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதும் அந்த வண்டிகள்தாம். செவ்வாய், வெள்ளி. விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரத்தில் கையில் பையுடன் நிற்பார்கள். வண்டி ஏற்றிக்கொள்ளும். நான்கு மணி நேரம் இயந்திரம். மாலையில் அதே இடத்தில் இறக்கிவிடும். அவர்கள் அதை ஆம்புலன்ஸ் என்று சொல்வதில்லை. பஸ் என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் அந்த நோயாளிகளில் ஒருவரான சேகர். நகரிப் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி. முப்பத்தாறு வயது.

நான் சம்பளத்துக்கு இருந்தவன் அல்லன். கல்லூரி மாணவன். திருப்பதியில் பிறந்து, தமிழை வீட்டில் கற்று, மேடையில் வளர்த்தவன். பேச்சுப்போட்டிகளில் மூன்று சுழற்கோப்பைகள் வாங்கியவன். மழை வலுத்தபோது பிச்சாட்டூர் ஆம்புலன்ஸ் நிலையத்தில் தொலைபேசி எடுக்க ஆள் இல்லை. இரண்டு மொழியும் பிசகின்றிப் பேசுகிறவன் வேண்டும் என்றார்கள். என் பெயரை நானே கொடுத்தேன். என் தமிழுக்கு இவ்வளவு பெரிய மேடை இதுவரை கிடைக்கவில்லை என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை.

நிலையம் என்பது இரண்டு அறை. ஒரு தொலைபேசி. ஒரு பதிவேடு. அதில் எழுத ஒரே விதிதான் உண்டு. அழைப்பவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். எழுதியதைத் திருப்பிப் படித்துக்காட்ட வேண்டும். முதல் நாளே ரேவதி அக்கா சொல்லிக்கொடுத்தார். எளிய விதி. சற்றே மட்டமான விதி என்றுகூட எனக்குத் தோன்றியது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பஸ் போகவில்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையும் போகவில்லை. இரண்டு முறை தவறினால் உடம்பில் நீர் ஏறும். நுரையீரலுக்குள் ஏறும். வெளியேயும் தண்ணீர், உள்ளேயும் தண்ணீர்.

வியாழன், ஒன்பது பன்னிரண்டு. மணி அடித்தது. சேகரின் மனைவி தேவகி.

"நைனா, பஸ்ஸ அனுப்பு நைனா. எங்க ஊட்டுக்காரரு மூச்சு வுட முடியாம குந்திக்கினு கீறாரு. படுத்தா அடைக்குது."

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். தறிக்கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால் தன் தாய்வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். கொல்லமேடு. புதிய இடம். எங்கள் நோயாளி அட்டைகளில் இல்லாத இடம்.

"ஏராண்ட ஊடு. ஏராண்ட வந்து ஆரன் அடிங்க, நாங்க தூக்கியாந்துர்றோம்."

மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் ஏராண்ட, அதாவது ஏருக்குப் பக்கத்தில், என்றுதான் சொன்னார். நான் 'கொல்லமேடு, ஏரிக்கரை வீடு' என்று எழுதினேன். திருப்பிப் படித்தேன். "ஆமா நைனா, ஏராண்ட" என்றார். நான் படித்ததில் அவர் தம் சொல்லைக் கேட்டார். அவர் சொன்னதில் நான் என் சொல்லைக் கேட்டேன். இணைப்பு அறுந்தது. கைபேசிக் கோபுரம் விழுந்துவிட்டது. பிறகு அழைக்க வழியில்லை.

எல்லைக்கு வெளியே இருந்து படிப்பவருக்கு ஒரு விளக்கம். ஏரி என்பது குளம் போல நீர் தேங்கி நிற்கும் இடம். ஏரு என்பது தெலுங்கு. ஓடுகிற ஆறு, ஓடை. இங்கே தமிழ் பேசுகிறவர்களும் அந்தச் சொல்லையே புழங்குகிறார்கள். எனக்கு அது தெரியாதா? தெரியும். தேவகி தெலுங்கில் பேசியிருந்தால் சரியாக எழுதியிருப்பேன். அவர் தமிழில் பேசினார். அதனால் திருத்தினேன்.

ஒன்பது பதினைந்துக்கு வண்டி கிளம்பியது. இனி எடுக்கத் தொலைபேசி இல்லை என்பதால் நானும் ஏறிக்கொண்டேன். ஒன்பது முப்பத்தெட்டு. கொல்லமேட்டுக்கு முன்னால் சாலை பிரிகிறது. இடப்பக்கம் ஏரி. வலப்பக்கம் ஓடையும் தரைப்பாலமும். முனிரத்தினம் வண்டியை நிறுத்தினார். இருபது வருடமாக இந்தச் சாலைகளில் ஓட்டுகிறவர். நான் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அந்தம்மா ஏருன்னுச்சா, ஏரின்னுச்சா?"

சாட்சியே, இந்த இடத்தில் நில்லுங்கள். அவர் கேட்டது அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பதை. நான் பதில் சொன்னது எது சரியான தமிழ் என்பதற்கு.

"ஏரிதாண்ணா சரி. ஏர்னா கலப்பை. கலப்பை பக்கத்துலயா வீடு கட்டுவாங்க?"

ரேவதி அக்கா சிரித்தார். முனிரத்தினமும் சிரித்தார். "பண்டிதரு சொன்னா அப்பீலு ஏது" என்று இடப்பக்கம் திருப்பினார். ஒன்பது முப்பத்தெட்டுக்கு நாங்கள் மூவரும் சிரித்தோம். அதே நேரத்தில் தரைப்பாலத்தின் மறுகரையில் சேகரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். எங்கள் சைரன் அவர்களுக்குக் கேட்டது. பிறகு தூரமாகப் போயிற்று. இதைத் தேவகி பின்னாளில் எனக்குச் சொன்னார்.

ஏரிக்கரையில் வீடு எதுவும் இல்லை. எருமைகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் இருந்தார். ஏரிக்கிட்ட யார் குடியிருக்கிறார்கள், ஏராண்டதான் ஐந்தாறு வீடு, என்றார். முனிரத்தினம் கியரை மாற்றினார். வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். கரை உடைந்தது. மேலே எழுதிவிட்டேன்.

நடந்தோம். சிலிண்டரை முனிரத்தினம் தோளில் வைத்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சரை நானும் ரேவதி அக்காவும் பிடித்தோம். பிரிவுச்சாலை வரை, அங்கிருந்து ஓடை வரை. பத்து முப்பத்தாறுக்குச் சேர்ந்தோம்.

தரைப்பாலம் தெரியவில்லை. பாலம் இருந்த இடத்தில் செம்மண் நிறத் தண்ணீர். முப்பது முப்பத்தைந்து மீட்டர் அகலம். மறுகரையில் ஒரு கட்டில். கட்டிலில் முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர். அவர் தலைக்குமேல் குடை பிடித்து நிற்கும் ஒரு பெண். பத்து மணி வரைக்கும் முழங்கால் தண்ணிதான் என்று தேவகியின் தகப்பனார் அக்கரையிலிருந்து கத்தினார். குற்றம் சொல்லிக் கத்தவில்லை. தகவலாகக் கத்தினார்.

சேகர் எங்களைப் பார்த்தார். கையைத் தூக்கினார். மனைவியிடம் ஏதோ சொன்னார். தேவகி எங்களுக்குக் கத்திச் சொன்னார்.

"பஸ்ஸு லேட்டாம்! கேக்கச் சொல்றாரு!"

"சில்லறய எடுத்து வெக்கச் சொல்லு, வந்துக்கினே கீறேன்!" முனிரத்தினம் கத்தினார். கத்தியபடியே, எருமை ஓட்டியவரிடம் வாங்கிவந்த கயிற்றைப் புளியமரத்தில் கட்டினார்.

முதல்முறை அவர் நடுவில் போகும் முன்னே தண்ணீர் தூக்கி எறிந்தது. இரண்டாம் முறை சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் கயிற்றைப் பிடித்திருக்கிறேன். உள்ளங்கை எரிகிறது. பாதிக்கு மேல் போய்விட்டார். சிலிண்டர் கட்டு நழுவியது. இரும்பு பாலத்துக் கல்லில் மோதிய சத்தம். ஒரே ஒரு முறை. பிறகு இல்லை. அவரைக் கயிற்றோடு இழுத்தோம். புருவம் பிளந்திருந்தது. பதினொன்று ஐந்து.

அதன் பின் எங்களிடம் குரல் மட்டும் இருந்தது. ரேவதி அக்காவின் குரல் ஓடையைத் தாண்டவில்லை. என் குரல் தாண்டும். ஒலிபெருக்கி இல்லாமல் பேசப் பழக்கப்பட்ட குரல். அவர் சொல்லச் சொல்ல நான் கத்தினேன்.

"படுக்க வெக்காதீங்க! காலத் தொங்கப் போடுங்க! தண்ணி குடுக்காதீங்க!"

நாற்பது நிமிடம் கத்தினேன். அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை.

பதினொன்று நாற்பத்தெட்டு. அக்கரையில் யாரும் அழவில்லை. யாரும் கத்தவில்லை. தேவகி குடையை மடக்கினார்.

மீட்புப் படகு ஒன்று இருபதுக்கு வந்தது.

பின்னால் விசாரித்தேன். எனக்கு ஒரு புகலிடம் கிடைக்குமா என்றுதான் விசாரித்தேன். கிடைக்கவில்லை. புத்தூர்ச் சாலை அன்று பதினொரு மணி வரை திறந்திருந்தது. அதற்கப்பால் திருப்பதி வரை தடை இல்லை. வலப்பக்கம் திரும்பியிருந்தால் ஒன்பது நாற்பத்தைந்துக்குள் பாலத்தில் நின்றிருப்போம். பிழைத்திருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் ரேவதி அக்கா. இயந்திரத்தின் அருகிலாவது போயிருப்பார் என்று நான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. பதிவேட்டில் தாமதத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. நிலையப் பொறுப்பாளர் அதில் 'வெள்ளம், சாலைத் துண்டிப்பு' என்று எழுதினார். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

கணக்கைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

சேகர். ஒருவர். அவருக்குப் பின்னால் ஒரு மனைவி, இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை.

ஒரு வண்டி. ஒரு சிலிண்டர். அது கிடைக்கவே இல்லை. முனிரத்தினத்தின் இடது கண்ணில் பாதிப் பார்வை. அவர் இப்போது ஓட்டுவதில்லை.

வண்டி இல்லாமல் போன மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் பையுடன் நின்றவர்கள் ஆறு பேர். நான்கு பேர் எப்படியோ ஷேர் ஆட்டோ மாறி, பேருந்து மாறித் திருப்பதி சேர்ந்தார்கள். இருவர் சேரவில்லை. நாகலாபுரத்துப் பூக்காரர் ஒருவர். பிச்சாட்டூரில் தையல் வேலை செய்த பெண் ஒருவர். அவர்களை யாரும் என் எழுத்தின் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சேர்க்கிறேன். சேகரோடு மூன்று உயிர்.

காரியத்துக்குப் போனேன். ஓடை அதற்குள் கணுக்காலுக்கு வந்திருந்தது. தரைப்பாலத்தில் செருப்போடு நடந்தேன். தேவகி எனக்குச் சோறு போட்டார். என் குரலை அடையாளம் கண்டுகொண்டார். அன்னைக்கு அவ்ளோ நேரம் கத்தினியே நைனா, தொண்டை எப்படி இருக்குது என்று கேட்டார். நான் எதற்கு வந்தேனோ அதைச் சொன்னேன். நீங்கள் ஏரு என்றீர்கள், நான் ஏரி என்று எழுதினேன், என்றேன். அவர் என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

"மழதான் நைனா. மழ பேஞ்சிக்கினே இருந்தா நீ இன்னா பண்ணுவ" என்றார்.

பந்தியில் இருந்தவர்கள் ஆமாம், மழைதான், என்றார்கள். எனக்கு அந்த இடத்தில் இருந்து எழுந்து போக எல்லா வழியும் திறந்திருந்தது. நான் எழுந்து நின்றேன். மேடைக் குரல் வரவில்லை. வந்த குரலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"மழைன்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. எங்க கேட்டாலும், யாரு கேட்டாலும், எத்தனை வருஷம் கழிச்சுக் கேட்டாலும், நான்தான் மாத்தி எழுதினேன்னு சொல்லுவேன்."