வாரம் ஒரு கால் சுற்று

பெல்ட் தொய்ந்தால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள் ஐயா. அதிகம் இறுக்கினாலும் ஆபத்துதான். மாவு மில்லில் இருபது வருஷமாக பெல்ட் மாட்டுகிறவன் நான். என் தம்பியின் பைக்கிலும் சங்கிலி கிடையாது, பெல்ட்தான். அதையும் நானே பார்த்துக்கொண்டேன்.

படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அப்பாவைப் பார்க்க ஞாயிறுதோறும் வருவான். ஆறு வருஷமாக அவரைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் நான். குறையாகச் சொல்லவில்லை. தம்பி கட்டிலோரம் அரை மணி நேரம் உட்கார்ந்து கதையளப்பான். "என் ராசா வந்துட்டானா" என்று அப்பாவுக்கு முகமெல்லாம் பல். என்னைப் பார்த்தால் "தண்ணி" என்பார். வயிறெரிந்தது, மறைப்பானேன்.

அந்த அரை மணி நேரம் நான் வாசலில் பைக்கோடு இருப்பேன். பின்சக்கரத்தை மெல்லச் சுற்றினால் பெல்ட் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். இறுகும் இடத்தில் நிறுத்தி, விரலால் அழுத்திப் பார்த்து அளவு வைக்க வேண்டும். நான் தளரும் இடத்தில் வைத்தேன்; அப்போது இறுகும் இடம் அளவுக்கு மேல் விறைத்துக்கொள்ளும். அச்சு நட்டைத் தளர்த்தி, பெல்ட் இன்னும் இறுகும்படி இரண்டு பக்கத் திருகையும் வாரம் சமமாகக் கால் சுற்று. பிறகு நட்டை நன்றாக இறுக்கிவிடுவேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

மூன்றாவது வாரம் கேட்டான். "ஏதோ விசில் மாதிரி சத்தம் வருதுண்ணா."

"வெயில்ல அப்படித்தான் கத்தும்."

"நீ பாத்தா சரிதான்" என்றான்.

ஏன் செய்தாய் என்கிறீர்கள். தூக்கம் ஐயா, வேறொன்றுமில்லை. அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும். ஒரு ஞாயிறு என் வாசலிலேயே பெல்ட் அறுந்தால் அவன் தங்கித்தானே ஆக வேண்டும், நான் ஒரு ராத்திரி அடித்துப் போட்டாற்போல் தூங்கலாம். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

ஐந்தாவது ஞாயிறு, அப்பாவின் தலையைக் கோதிக்கொண்டே சொன்னான்: "அண்ணா, நீ ரொம்ப ஓஞ்சு போயிட்டே. அடுத்த வாரம் அப்பாவ நான் கூட்டிட்டுப் போயிடறேன். இன்னைக்கும் இங்கேயே தங்கறேன். நீ நிம்மதியாத் தூங்கு."

"போலாம் ராசா" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் வாசலுக்குப் போனேன். அன்று கால் சுற்று இல்லை, முழுச் சுற்று. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன்.

"அதெல்லாம் வேணாம்டா. நாளைக்கு உனக்கு வேலை இருக்கு. மழைக்கு முன்னாடி கிளம்பு."

ஹெல்மெட்டை நானே எடுத்துக் கொடுத்தேன்.

பாலத்து மேட்டில் லாரியை முந்தும்போது பெல்ட் அறுந்து வண்டி தயங்கியிருக்கிறது. பின்னால் பஸ். மிச்சத்தை நீங்களே போய்ப் பார்த்தீர்கள்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று கண் மங்கிப்போய் என்னையே "ராசா" என்று கூப்பிட்டார். நானும் "ம்" என்றேன்.

எழுதி முடித்துவிட்டால் சொல்லுங்கள் ஐயா, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பக்கத்து வீட்டம்மாவை உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறேன், அந்தம்மாவுக்குப் புரட்டத் தெரியாது. நேரமாகிறது. என்னை விட்டால் அப்பாவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.