மச்சத்தைக் காணோம்

ஆத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெரியவரிடம், இடுப்பில் பிள்ளையோடு ஏறிய பெண் எடுத்த எடுப்பில் கேட்டாள்.

“அண்ணாச்சி, என் மச்சத்த எங்க தொலைச்சிய?”

அவர் முழித்தார்.

“மாப்பிள்ள பாக்கக் குடுக்க ஒங்க ஸ்டுடியோவுலதான போட்டோ எடுத்தேன்? கன்னத்து மச்சத்தக் கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டிய. மாப்பிள்ள வீட்ல வந்து பாத்துட்டு, இது வேற பொண்ணுன்னு எந்திரிச்சிட்டாவ.”

“அடப்பாவமே! பொறவு?”

“மாப்பிள்ளதான் மச்சம் நல்லாருக்குன்னு எந்திரிக்கவே இல்ல. இந்தா, அவரு புள்ள.”

பிள்ளையின் கன்னத்து மச்சத்தைப் பெரியவர் தொட்டுப் பார்த்தார்.

“இத அன்னைக்கே கடைக்கு வந்து சொல்லிருக்கலாம்லா, ஏளா?”

“ஒங்க மனசு நோவுமேன்னுதான் வரல.”

“எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருக்காவ. ஒருத்தரும் கொற சொல்லல, திரும்ப வரவும் இல்ல. கடைய மூடிட்டேன்.”