குழிக்குள் இருந்து சிரித்த ஃபோர்மேன்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஃபோர்மேன் அவர்களே, பணிமனை மேலாளர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, முன்வரிசையில் கண் கலங்கி அமர்ந்திருக்கும், மறைந்தவரின் மனைவியான அக்கா அவர்களே, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் தோழர்களே, ஓட்டுநர்களே, நடத்துநர்களே! கனத்த மனத்தோடு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இந்தப் பேருந்துப் பணிமனையின் ஸ்டோர் பொறுப்பாளன் நான். மறைந்தவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு அவர் மச்சான். அவருக்கு நான் மாப்பிள்ளை. போன வியாழக்கிழமை காலை, டீ குடிக்க உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். அவரைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். புகழத்தான் போகிறேன். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது என்னைப் பற்றியது. சொன்னால் என் வேலைக்கே உலை வைத்துவிடும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவிக்குக்கூட அது தெரியாது. அதைச் சொல்லாமல் இறங்குவதில்லை என்றுதான் மேடை ஏறியிருக்கிறேன். நடுவில் நான் நழுவப் பார்த்தால், போதகர் ஐயா, என் சட்டையைப் பிடித்து இழுங்கள்!

தோழர்களே! எட்டு ஆண்டுகளாக என்னைக் குடைந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று?

பழைய ஆளை நினைத்துப் பாருங்கள்! இருபது ஆண்டுகள் ஃபோர்மேன். நாம் வைத்த பட்டப்பெயர் என்ன? 'இடி!' 'இடி வருது' என்று யாராவது முணுமுணுத்தால், சும்மா நின்றவர்கள்கூட ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஏதாவது வண்டிக்கு அடியில் புகுந்துகொள்வோம். அவர் பிறப்பால் கிறிஸ்தவர்தான். ஆனால் படிவத்தில் மதம் என்ற கட்டத்தை நிரப்ப மட்டுமே பயன்பட்ட கிறிஸ்தவம் அது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆலயத்துக்குப் போவார். இரண்டிலுமே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புது பிரேக் லைனிங் மாட்டிய ஒரு பேருந்து, ட்ரையல் ஓட்டும்போது நிற்காமல் போய், வண்டி கழுவும் இடத்துச் சுவரில் மோதியது. ஓட்டுநருக்கு மணிக்கட்டு உடைந்தது. வேறு மாடல் வண்டிக்கான லைனிங்கை மாட்டியிருந்தார்கள். விசாரணையில் மச்சான் ஃபோர்மேன் என்ற முறையில் அறிக்கை எழுதினார்: 'மெக்கானிக் தானாகவே தவறான பாகத்தை எடுத்துப் பொருத்தினார்.' மெக்கானிக்குக்கு வேலை போயிற்று. மூன்று ஆண்டுகள் அவர் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார். அந்த மெக்கானிக் வேறு யாருமல்ல. இன்று இங்கே தலைமை ஏற்றிருக்கும் நம் ஃபோர்மேன்தான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு திங்கட்கிழமை, 'இடி' அன்றைய மேலாளர் முன்னால் போய் நின்றது. "அந்த அறிக்கை பொய் சார். நான் தெரிஞ்சே எழுதின பொய்."

விளைவு? மெக்கானிக் திரும்பி வந்தார். பிரேக் பிரிவின் பொறுப்பும் அவருக்கே கிடைத்தது. மச்சானைப் பதவி இறக்கி, சாதாரண மெக்கானிக்காக அதே பிரிவில், அவர் கையின்கீழேயே போட்டார்கள்! அந்த இடத்தில் நானாக இருந்தால் ஊரைவிட்டே ஓடியிருப்பேன். இவர் என்ன செய்தார்? முதல் நாள் காலையிலேயே அவர் முன்னால் போய், "சார், எந்த வண்டியை முதல்ல பார்க்கணும்?" என்றார். ஃபோர்மேன் அவர்களே, நீங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் குழியைக் காட்டினீர்கள். வண்டிக்கு அடியில் கிரீஸ் சுரண்டும் வேலை. ஏழு மாதம் அதே குழி. அங்கிருந்து பாட்டுச் சத்தம் வேறு! அதுவும் எப்படிப்பட்ட பாட்டு? சுருதி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். ஓட்டுநர்கள் ஹாரன் அடித்து அதை அமுக்கப் பார்த்தார்கள். ஹாரனுக்கும் சேர்த்துச் சிரித்தார் மனிதர்.

எனக்கு மண்டை வெடித்தது. ஒரு மத்தியானம் குனிந்து கேட்டே விட்டேன்.

"மச்சான், உண்மையைச் சொல்லுங்க. என்ன நடந்துச்சு? கனவு வந்துச்சா? வெளிச்சம் தெரிஞ்சுச்சா?"

"ஒரு எழவும் தெரியல மாப்ள. மழைதான். ஆலயத்துல இருந்து உன் அக்காவைக் கூட்டிட்டு வரலாம்னு போனேன், மழை விடல, கடைசி பெஞ்சுல உட்கார்ந்தேன். கடவுள் உன்னை ஏற்கெனவே மன்னிச்சுட்டாருன்னு போதகர் பேசிட்டிருந்தாரு. சின்ன வயசுல இருந்து கேட்டதுதான். அன்னிக்குத்தான் என்னையும் சேர்த்துச் சொல்றாங்கன்னு பட்டுச்சு."

"மன்னிச்சாச்சுன்னா அதோட விட வேண்டியதுதானே? எதுக்குப் போய் வேலையைக் கெடுத்துக்கிட்டீங்க?"

"பயம் போயிடுச்சு மாப்ள. பயம் இருந்த வரைக்கும் அந்தப் பொய்யைக் காவல் காத்துக்கிட்டே இருந்தேன். இப்ப நிம்மதியாத் தூங்குறேன், பசிக்குது, பாட்டு வருது. நான் என்ன செய்ய?"

இது என்ன வரிசை, தோழர்களே? தப்பை ஒத்துக்கொண்டால் பிறகு மன்னிப்பு என்றுதானே நாம் படித்திருக்கிறோம்? இவருக்கு மட்டும் மன்னிப்பு முதலில் வந்து, தைரியம் பின்னால் வந்ததா? நான் நம்பவில்லை. வேவு பார்த்தேன். அவர் கேட்ட பாகங்களை வேண்டுமென்றே ஒரு வாரம் இழுத்தடித்தேன். மனிதர் ஸ்டோர் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மற்றவர்களின் ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபமே வரவில்லையா என்றால், வந்தது! ஒருமுறை டீ கிளாஸைத் தரையில் அடித்தார். ஐந்தே நிமிடத்தில் துடைப்பத்தோடு வந்து, "மன்னிச்சுக்கப்பா, பழைய ஆளு எட்டிப் பார்த்துட்டான்" என்று அவரே கூட்டி அள்ளினார்.

ஏழாவது மாதம் ஒரு நாள், ஃபோர்மேன் அவர்களே, நீங்கள் குழிக்குள் கையை நீட்டி, "முட்டி வலிக்கப் போவுது, மேல வாங்க" என்றீர்கள். மேலே வந்தவர் அழுதார். கிரீஸ் கண்ணில் பட்டுவிட்டது என்று எங்களிடம் சாதித்தார்! அதன் பிறகு பிரேக் வேலை பார்த்த ஒவ்வொரு வண்டியின் ட்ரையலிலும், ஓட்டுநருக்குப் பக்கத்தில் தானே உட்கார்ந்து போனார். "நான் மாட்டின பிரேக்கை நானே நம்பலன்னா, பயணி எதுக்கு நம்பணும்?" என்பார். அந்த வழக்கத்தை விடப்போவதில்லை என்று பிரேக் பிரிவுத் தோழர்கள் நேற்றே உறுதி எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு என் வணக்கம்!

சரி. நான் எதற்காக எட்டு ஆண்டுகள் அவரை வேவு பார்த்தேன்? பக்தியை ஆராயவா? இல்லை, தோழர்களே. அவர் போலி என்று நிரூபித்துவிட்டால், நான் வாய் திறக்க வேண்டியதில்லை அல்லவா?

அந்தத் தவறான லைனிங்கை எடுத்துக் கொடுத்தவன் நான்.

போனில் பேசிக்கொண்டே, பெட்டியின் மேல் இருந்த நம்பரைப் பார்க்காமல் நீட்டினேன். மெக்கானிக் கேட்டார்: "சார், இது இந்த வண்டியோடதுதானா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கே சொல்லித் தர்றியா? போய் மாட்டு." வண்டி மோதியதும் ரசீதைக் கிழித்தேன். மச்சானிடம் ஓடி, உங்கள் தங்கை முகத்தைப் பாருங்கள் என்று காலைப் பிடித்தேன். அந்த அறிக்கை அப்படித்தான் பிறந்தது.

மச்சான் உண்மையைச் சொன்ன அன்று, அப்போதைய மேலாளர் அவரைக் குடைந்திருக்கிறார்: "அப்ப யார் தப்பு அது?" அவர், "என் தப்பைச் சொல்லத்தான் வந்தேன் சார். மத்தவன் தப்பை அவன்தான் சொல்லணும்" என்றாராம். அதற்காகத்தான் பதவியை இறக்கினார்கள். ரசீது இல்லாததால் என் பக்கம் யாரும் திரும்பவில்லை. வீட்டுக்கு எத்தனை முறை வந்தார்! ஒரு முறையாவது ஜாடையாகவாவது கேட்டாரா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

மேலாளர் அவர்களே, கையெழுத்திட்ட கடிதம் இதோ. எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். என் மனைவியே, என்னை நிமிர்ந்து பார்க்க உனக்கு நாளாகும். காத்திருப்பேன்.

ஃபோர்மேன் அவர்களே! உங்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. விசாரணையில் நீங்கள் இதைத்தான் சொன்னீர்கள், எவரும் நம்பவில்லை. இன்று நானே சொல்கிறேன்: நீங்கள் சொன்னது உண்மை. மச்சான் தொடங்கிய வேலையில் என் பங்கு இது. அதை அவர் உயிரோடு இருந்தபோதே முடித்திருக்க வேண்டும்.

பேசி முடித்ததும் உட்கார, உங்கள் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்னால் உட்காருகிறேன். அதுவரை நிற்கிறேன்.