தம்பி வீட்டுச் செம்பு

ஸ்டேஷன் டீ நன்றாகத்தான் இருக்கிறது, சார். பாலில்தான் தண்ணீர் கொஞ்சம் அதிகம். அந்த வேலையை மட்டும் நான் செய்ததே இல்லை. பாலில் தண்ணீர் கலக்கிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

என் மனைவி என்னைக் கஞ்சப்பிசினாறி என்பாள். பொய்யில்லை. ஒரே செருப்பைத் தைத்துத் தைத்து, கடைசியில் நூலின் மேல் நடந்தவன் நான். ஆனால் மகராசிக்கு மட்டும் கையை இழுத்துப் பிடித்ததில்லை. என் தொழுவத்தில் அதிகம் கறக்கிற பசு அவள். இன்னும் கறக்கட்டும் என்று தீவனத்தை அள்ளிக் கொட்டினேன். கறந்தாள். மேலும் கொட்டினேன். ஒருநாள் மடி வீங்கிக் கல்லாகிவிட்டது. என் பேராசை அவள் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

மாட்டு டாக்டர் வந்து காம்பு வழியாகப் பென்சிலின் ஏற்றினார்.

"வைத்தியம் முடிஞ்சு நாலு நாள் வரைக்கும் இவ பாலைக் கீழ கொட்டிடுங்க. பால் வாங்குற எடத்துல சோதிச்சு மருந்தக் கண்டுபிடிச்சிடுவாங்க."

"காய்ச்சினா போயிடாதா?"

"போகாது. கன்னுக்குட்டிக்குக்கூடக் குடுக்காதீங்க."

கொட்டத்தான் போனேன். வாளியோடு சாக்கடை வரை நடந்து, வாளியோடு திரும்பி வந்தேன். அப்போதுதான் தம்பி வீட்டுச் செம்பு கண்ணில் பட்டது.

அப்பா பாகம் பிரித்தபோது மாடுகள் எனக்கு, கடை தம்பிக்கு. தினம் ஒரு செம்பு பால் நான் அவனுக்குச் சும்மா கொடுக்க வேண்டும் என்று பேச்சு. அந்தச் செம்பு நிறையும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். விற்க முடியாத பால், விலை கொடுக்காத வீடு. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த மருந்து அவனுக்கு ஆகாது என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு அவனுக்கு மூச்சு முட்டியபோது, தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவனே நான்தான். ஊசி வேறு, பால் வேறு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாளே தம்பி மனைவி வந்து நின்றாள்.

"மாமா, அவருக்கு ஒதடு வீங்கி ஒடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. என்ன ஒத்துக்கலன்னே தெரியல."

"எறா ஏதாவது தின்னானா?"

"நேத்து தின்னாரு."

"அப்ப அதான்."

"சரி, நாளைக்கு வெறும் பாலும் சோறும் குடுக்கிறேன்" என்றாள். நான் தலையாட்டினேன்.

மறுநாள் காலை செம்பை நானே கொண்டுபோனேன், தளும்பத் தளும்ப.

"என்னண்ணே, இன்னைக்குக் கை தாராளமா இருக்கு?" என்று தம்பி சிரித்தான். முகத்தில் வீக்கம் முழுக்க வடியவில்லை. அவன் குடித்து முடிக்கும்வரை நின்றேன். நாளைய பாலுக்குச் செம்பைத் திரும்ப வாங்க வேண்டுமே. கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி அவனைத் தூக்கிப்போனார்கள்; ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் மூச்சே நின்றுவிட்டது. இந்தத் தடவை அவனைத் தூக்கிக்கொண்டு நான் ஓடவில்லை. மகராசிக்குத் தீவனம் வைக்கிற நேரம் அது.

ஆமாம், தெரிந்தேதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: கன்றுக்குட்டிக்கு அந்தப் பாலில் ஒரு சொட்டுக்கூட நான் காட்டவில்லை. வாயில்லா ஜீவனுக்குத் துரோகம் நினைக்கிற ஆள் நான் இல்லை, சார்.