தலையாட்டியின் தங்கை

ஷெல் வயல் வட்டைக்குள் விழுகிறது. சேறு எழும்பி முகத்தில் அடிக்கிறது. ஓடுகிறேன். முன்னால் என் புருஷன் ராசன். பின்னால் பக்கத்து வீட்டுக் கண்மணி அக்கா, மகன் நேசனை இழுத்துக்கொண்டு. மேலே ஹெலி. டக் டக் டக்.

"படுங்க! படுங்க!" ராசன் கத்தினான்.

படுத்தோம். எழும்பியபோது வரம்பில் ஆமி.

பள்ளிக்கூட வளவு. வெயில். ஆம்பிளைகள் வரிசையில். ஜீப்புக்குப் பக்கத்தில், கதிரையில் ஒருவன். தலையில் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி. அவன் தலை அசைந்தால் ஆள் ட்ரக்கில். அசையாவிட்டால் வீடு.

காலைப் பார்த்தேன். வலது பெருவிரல் இல்லை. உழவு மெஷினில் போன விரல். என் அண்ணன். முந்தி அவனைச் சந்தியில் வைத்து ஆமி பிடித்துப் போனது. செத்தான் என்று அழுதிருந்தோம். மிச்ச விரல்களில் நகம் இல்லை. கால் நடுங்குகிறது.

நேசன் வந்தான். ஒரு பாவமும் அறியாதவன். தலை அசைந்தது. கண்மணி அக்கா மண்ணில் விழுந்து கத்தினாள்.

ராசன் வந்தான். இயக்கத்துக்குச் சோறு கொண்டுபோனவன். அண்ணனுக்கு அது தெரியும். தலை அசையவில்லை. துவக்குப் பிடியால் கழுத்தில் இடித்தார்கள். அப்போதும் அசையவில்லை.

பிறகு ஆமி அண்ணனை விட்டது. இயக்கம் பிடித்தது. வாவிக்கரை லைட் போஸ்டில் கட்டிச் சுட்டது. கழுத்தில் தொங்கிய மட்டையில் எழுத்து: துரோகி. இறக்க ஒருவரும் வரவில்லை. ராசன்தான் போனான். அடுத்த சுற்றிவளைப்பில் ராசனும் போனான்.

இப்போது மட்டக்களப்பு டவுனில் நாடகம் பழகுகிறார்கள். ஹிட்லர் காலத்து யூதர் கதை. தன் சனத்தையே ரயிலுக்குப் பொறுக்கிக் கொடுக்கிற யூதன் ஒருவன் அதில் வருகிறான். எங்கள் கதையும் கேட்கவேண்டும் என்று என்னையும் கண்மணி அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். நாடகம் பழக்கும் பிள்ளை, அந்த யூதனாக வரும் நடிகனைப் பார்த்துக் கத்தினாள்.

"இன்னும் கேவலமாச் சிரி! சனம் காறித் துப்பவேணும்!"

என்னால் இருக்க முடியவில்லை. "அவன் சிரிக்கல்ல புள்ள. அவன்ட கால் நடுங்கின."

அத்தனை வருசமாக என் முகம் பார்க்காத கண்மணி அக்கா திரும்பினாள். "நடுங்கினாலும் ஆட்டினான்தானே!"

ஓம். ஆட்டினான்.

நடிகன் சிரிப்பை விட்டான். நடுங்கிக்கொண்டே தலையை ஆட்டினான். கண்மணி அக்கா துப்பவில்லை. எழும்பி வெளியே போனாள்.

எங்கள் ஒழுங்கையில் எரிந்தது இரண்டு வீடு, கண்மணி அக்காவினதும் எங்களதும். நேசன், ட்ரக்கில் ஏறினான், வரவில்லை. ராசன், உடம்பும் கிடைக்கவில்லை. அண்ணன், வாவிக்கரையில். கண்மணி அக்கா அண்ணனை எண்ணமாட்டாள்; அவளுக்குப் போனவர்கள் இரண்டு பேர். எனக்கு மூன்று.