ராணி வீட்டுக்கு வந்துவிட்டாள்

“ராணி சாகமாட்டான்னு நீதானேம்மா சொன்னே?”

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் அவளுடைய பத்து வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பழைய படம் ஒன்றைப் பகல் ஆட்டம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. அழுது அழுது மகளின் குரல் கம்மிப்போயிருந்தது.

“சொன்னேன் கண்ணு.”

“காட்டைத் தாண்டி வந்துருவா, கொழந்தையத் தூக்கிக்குவான்னு எத்தன தடவ சொல்லியிருப்பே! படத்துல செத்துப்போறாளே!”

தாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“முடிவை நானும் இன்னிக்குத்தான் பாத்தேன். மொத தடவ பாக்கப் போனப்ப நீ என் வயித்துல இருந்தே. பாதிப் படத்துலயே வலி வந்துருச்சு. உங்கப்பா வண்டி புடிச்சு ஊருக்குக் கூட்டியாந்தாரு. அன்னிக்கே நீ பொறந்துட்டே.”

“அப்புறமா யாரையாவது கேட்டிருக்கலாமில்ல?”

“பயமா இருந்துச்சு. நீ பொறந்த அன்னிக்குப் பாத்த படம். அதுல அந்தம்மா செத்துட்டான்னு யாராச்சும் சொல்லிட்டா? அதான் நானே பொழைக்க வெச்சுட்டேன்.”

மகள் தாயின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

சூளகிரி நெருங்கியதும் தாய் அவளைத் தட்டினாள். “எறங்கணும், எந்திரி. வீட்டுல தங்கச்சி கதை கேப்பாளே. என்னன்னு சொல்றது?”

மகள் தாயின் முந்தானையில் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீ பேசாம இரு. நானே சொல்லிக்கறேன். ராணி வீட்டுக்கு வந்துட்டா.”