எழுபது டிகிரி அடையாளம்

— அந்தத் துண்டைக் காய வெச்சது நான்தான் பிரதர். அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டு விட்டேன்.

— எந்தத் துண்டை அக்கா?

— எத்தனை துண்டை வெச்சு சாட்சி சொன்னீங்க? நேத்து சாயங்காலம் ஜெபக் கூட்டத்துல தூக்கிப் பிடிச்சுக் காட்டினீங்களாமே, நீலக்கரை போட்டது. அதைத்தான்.

— அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க. எனக்குச் சரியா காதுல விழல.

— உள்ள இந்த இல்லத்துல படுத்திருக்கற நாப்பது பேரோட பெட்ஷீட் ஓடுது, நிறுத்த முடியாது. கிட்ட வாங்க. முந்தாநாள் ராத்திரி பின்பக்கத்து சிமெண்ட் பெஞ்சுல துண்டை விரிச்சீங்களா இல்லையா?

— விரிச்சேன். முழங்கால் போட்டு ஜெபிச்சிட்டுத்தான் விரிச்சேன். பைபிள்ல ஒருத்தர் ஆட்டுத்தோலைக் களத்துல போட்டு ஆண்டவர்கிட்ட அடையாளம் கேட்டாரில்லையா, அந்த முறைப்படி. பனியில பெஞ்சு நனைஞ்சு, துண்டு மட்டும் நனையாம இருந்தா, நான் இந்த தேசத்துலயே மூணு மாசம் தங்கி ஊழியம் செய்யறது தேவசித்தம். துண்டும் நனைஞ்சிருந்தா, சபையிலேர்ந்து வந்த எங்க டீமோட வேன்ல ஏறி ஊருக்குத் திரும்பறது தேவசித்தம்.

— ஆட்டுத்தோல் கிடைக்கலையாக்கும்.

— இருக்கறதை வெச்சுத்தானே அக்கா கேக்க முடியும்?

— சரி விடுங்க. காலையில அஞ்சு மணிக்கு இந்த ரூமைத் திறக்க வரேன், துண்டு பெஞ்சுல சொட்டச் சொட்டக் கிடக்கு. பிழிஞ்சா அரை வாளி தேறும். ஓரத்துல விருந்தினர் அறை நாலுன்னு நம்பர் தைச்சிருந்துச்சு. முதல் சுத்துலயே போட்டு அலசி, டிரையர்ல காயவெச்சு எடுத்துட்டேன்.

— எடுத்து?

— எடுத்து அதே பெஞ்சுல திரும்ப விரிச்சு வெச்சேன். தினம் ஆறு மணிக்கு அங்க உக்காந்துதானே ஜெபம் பண்றீங்க? உக்காரத்தான் போட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். வயசான மனுஷன், ஈரத்துல உக்காந்தா என்னத்துக்கு ஆகும்.

— கை வெச்சப்போ வெதுவெதுன்னு இருந்துச்சே அக்கா! பரலோக அக்கினின்னு சொன்னேனே, அறுபது பேர் முன்னாடி!

— எழுபது டிகிரி. அக்கினின்னா அக்கினிதான், கரண்ட்ல வர்றது.

— ஒரு வாசனை வேற வந்துச்சு…

— துணிக்கு வாசம் வரக் கடைசித் தண்ணியில ஊத்தறது. மஞ்சள் கேன்ல இருக்கு, மோந்து பாருங்க.

— ஐயோ. அதேதான்.

— சமையக்காரம்மா சொன்னாங்க, வாசனைன்னு நீங்க சொன்னப்போ அழுதுட்டாங்களாம்.

— நீங்க கூட்டத்துக்கு வரலையா?

— நான் வந்தா யாரு இஸ்திரி போடறது? நீங்க தங்கறீங்கங்கற சேதி நேத்தே வந்துடுச்சு. துண்டைப் பாத்துத் தங்கறீங்கங்கறது இன்னிக்குக் காலையில டீ குடிக்கும்போதுதான் காதுல விழுந்துச்சு. இந்தாங்க, இந்த முனையைப் பிடிங்க. மடிச்சுக்கிட்டே பேசலாம்.

— இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?

— சொல்லல.

— நல்லது. இப்போ இதை வேற விதமா பாருங்க அக்கா. ஏன் நீங்க சரியா அஞ்சு மணிக்கு அந்தப் பக்கம் வரணும்? ஏன் அந்தத் துண்டு உங்க கண்ணுல படணும்? ஆண்டவர் உங்களை ஒரு பாத்திரமா எடுத்து உபயோகிச்சிருக்கார்னு நாம ஏன் எடுத்துக்கக் கூடாது?

— பிரதர், நான் பதினோரு வருஷமா அஞ்சு மணிக்கு அந்தப் பக்கம்தான் வரேன்.

— அப்போ பதினோரு வருஷமா உங்களை ஆயத்தப்படுத்தியிருக்கார்!

— உங்க துண்டை அலசவா?

— இந்த முனையைத்தானே பிடிக்கணும்?

— முனை, முனை. தரையில படக்கூடாது, மறுபடி துவைக்கணும்.

— நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே அக்கா. எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல. மூணு மாசம் உங்களுக்கு ஒத்தாசையா இந்த ரூம்லதான் போட்டிருக்காங்களாம் என்னை.

— ஒத்தாசைன்னா சொன்னாங்க? சரி விடுங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இப்படித்தான் தங்கினார். ஜன்னல்ல வெள்ளைப் புறா வந்து உக்காந்துச்சு, அதான் அழைப்புன்னார். பத்தாம் நாள் அதே புறா அவர் சட்டையில எச்சம் போட்டுச்சு. அதையும் அழைப்புன்னு எடுத்துக்கிட்டு கிளம்பிட்டார். கட்டில்ல கிடக்கற நாப்பது பேருக்குப் புறாவா தெரியும்? அந்த மனுஷனைத்தான் தேடினாங்க. நீங்களும் துண்டை நம்பி இருந்தீங்கன்னா, என்னிக்காவது மெஷின் மக்கர் பண்ணும், ஆண்டவர் கைவிட்டுட்டார்னு பெட்டியைத் தூக்குவீங்க. அதுக்கு இப்பவே தெரிஞ்சுட்டா நல்லதில்லையா?

— போன் அடிக்குது. வீட்லேர்ந்து. கையில பெட்ஷீட் இருக்கே…

— ஸ்பீக்கர்ல போட்டு அந்த மேஜையில வைங்க. முனையை விடாதீங்க.

— ஏங்க, கேக்குதா? நம்ம வீட்டு கேட்ல பேனர் கட்டறாங்க. உங்க படம். கையில துண்டோட நிக்கறீங்க. முதல்ல துணிக்கடை விளம்பரம்னு நெனச்சு விரட்டப் போனேன்.

— யாரு கட்டறாங்க?

— சபைச் செயலாளர்தான். போன மாசம் தேர்தல்ல உங்களைத் தோக்கடிச்சாரே, அவரேதான். நீங்க இப்போதைக்குத் திரும்பி வரப்போறதில்லைன்னு தெரிஞ்சதுலேர்ந்து மனுஷனுக்கு உங்க மேல அப்படி ஒரு பாசம். கண்ணைத் தொடச்சுக்கிட்டே கட்டறார்.

— மிஷனரின்னு போட்டிருக்காங்களா?

— வல்லமையுள்ள மிஷனரின்னு போட்டிருக்காங்க. ஏங்க, கேக்குதா? அங்க யாரு சிரிக்கறது?

— இங்க துணி துவைக்கற அக்கா.

— அக்கா, வணக்கங்க. இவரை உங்ககிட்டதான் வேலைக்கு விட்டிருக்காங்களாம். எங்க வீட்டு வாஷிங் மெஷின் மேல திறக்குமா, முன்னால திறக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

— முன்னால!

— பாத்தீங்களா அக்கா? மேல.

— கரண்ட் ஆபீஸ்ல இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவர்னு சொன்னாங்களே பிரதர்?

— நான் நிர்வாகப் பிரிவு அக்கா.

— ஏங்க, கேக்குதா? நான் விளையாட்டுக்குப் பேசல இப்போ. நேத்து தேவசித்தம்னீங்க, நான் சரின்னேன்.

— நீ வெறும் சரின்னு சொன்னதுலதான் எனக்குத் தூக்கமே போச்சு. முப்பது வருஷத்துல நீ எதையும் ஒரே வார்த்தையில முடிச்சதில்ல.

— ஆண்டவரே சொல்லிட்டார்னா அதுக்கு மேல நான் யாரு பேசறதுக்கு? என் வாயை அடைக்கத்தானே ஒவ்வொரு தடவையும் அவரைக் கூட்டிட்டு வர்றீங்க. வீடு மாறினப்போ தேவசித்தம். தேர்தல்ல நின்னது தேவசித்தம். தோத்தது மட்டும் கள்ள ஓட்டு.

— அது நிஜமாவே…

— இருங்க, முடிக்கறேன். மூணு மாசம் நான் சமாளிச்சுக்குவேன், அது ஒரு பெரிய விஷயமில்ல. அங்க இருக்கணும்னா இருக்கணும்னு சொல்லுங்க. வீட்டுக்கு வரணும்னா வரணும்னு சொல்லுங்க. எனக்குன்னு ஆரம்பிச்சு ஒரு வாக்கியம், உங்க வாயால. அதைத்தான் நான் கேட்டதே இல்ல. வேன் எப்போ?

— பதினொண்ணுக்கு.

— இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. யோசிங்க. பேனர் கட்டக் கயிறு கேக்கறார் செயலாளர், வெச்சுடறேன்.

— முனையை விட்டுட்டீங்க பிரதர்.

— மன்னிச்சுக்கங்க.

— பரவால்ல, அந்தக் கூடையில போடுங்க. அடுத்ததை எடுங்க. மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

— அக்கா, ஒண்ணு சொல்றேன், உங்களோட இருக்கட்டும். ரூம்ல ரெண்டு துண்டு இருந்துச்சு. ஒண்ணு மெலிசு. ஒண்ணு தடி.

— நீங்க விரிச்சது தடி.

— அதான் தண்ணியை நல்லா குடிக்கும். கொட்டற பனியில ராத்திரி முழுக்கப் போட்டா நனையாம என்ன செய்யும்? காலையில ஈரத்துண்டைத் தூக்கிட்டு வந்து, கேட்டுப் பாத்தேன், வேணாம்னுட்டார்னு சொல்லிட்டு, நெஞ்சுல உறுத்தல் இல்லாம வேன்ல ஏறிடலாம்னு இருந்தேன்.

— போய்ப் பாத்தா காஞ்சு கிடக்கு.

— சூடா! பயத்துல அல்லேலூயான்னு கத்திட்டேன். டீம்ல எல்லாரும் சந்தோஷத்துல கத்தறேன்னு ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் எங்கேர்ந்து பின்வாங்கறது?

— போகத்தான் ஆசைன்னா சும்மா போக வேண்டியதுதானே? உங்க டீம்ல மத்த ஏழு பேரும் துண்டு விரிக்காமத்தான் போறாங்க.

— அவங்க யாரும் ஏழாம் கட்டில் பெரியவருக்கு நகம் வெட்டலையே.

— அவருக்கென்ன?

— போன வாரம் வெட்டி முடிச்சதும் என் ஆள்காட்டி விரலைப் பிடிச்சுக்கிட்டார். அரை மணி நேரம் விடல. அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. நான் ஜெபம்கூடப் பண்ணல. சும்மா உக்காந்திருந்தேன். மறுநாள் சாயங்காலம் அதே நேரத்துக்குக் கையை நீட்டினார். அதுக்கு மறுநாளும். எனக்குப் பயம் பிடிச்சுக்கிச்சு.

— விரலைப் பிடிச்சதுக்கா?

— போனா அந்தக் கை நீண்டுக்கிட்டே இருக்குமேன்னு பயம். இருந்தா, நாளைக்கும் நீட்டுவார், அடுத்த மாசமும் நீட்டுவார், நான் தினம் போய் உக்காரணுமேன்னு பயம். மேடையில பேசச் சொல்லுங்க, ரெண்டு மணி நேரம் பேசுவேன். இதுக்கு யாரும் கைதட்ட மாட்டாங்க. என்னால முடியுமான்னு எனக்கே தெரியல.

— இதை நேத்து கூட்டத்துல சொல்லியிருந்தீங்கன்னா நான் இஸ்திரிப்பெட்டியை வெச்சுட்டு வந்து கேட்டிருப்பேன்.

— நீங்களே சொல்லுங்க அக்கா. இருக்கவா, போகவா?

— நான் துணி துவைக்கறவ. அழுக்கா, சுத்தமான்னு கேளுங்க, சொல்றேன்.

— ஒரே வார்த்தை. நீங்க இருன்னு சொல்லிட்டா இருந்துடறேன்.

— அதனாலதான் சொல்லமாட்டேன். சொன்னா நான் உங்களுக்குத் துண்டாயிடுவேன்.

— ஹார்ன் அடிக்கறாங்க.

— பெட்டி ஏத்தக் கூப்பிடறாங்க. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.

— அடையாளமே பொய்யின்னா, அதை வெச்சு நான் குடுத்த வாக்கும் செல்லாதில்லையா?

— அதையும் என்னைக் கேக்காதீங்க.

— சரி… எனக்கு… எனக்கு வீட்டுக்குப் போகணும் அக்கா. சொல்லிட்டேன், பாத்தீங்களா! எனக்குன்னு சொல்லிட்டேன். அப்பாடா. ரெண்டு நாளா நெஞ்சுல உரலைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்துச்சு.

— கேட்டேன். இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் கூட்டத்துக்குப் பேசற குரல் இல்லாம பேசறீங்க.

— கோவமா?

— கோவம் எதுக்கு? பொய் சொல்லிக்கிட்டு இருக்கறதைவிட நிஜத்தைச் சொல்லிட்டுப் போறது மேல்.

— இல்லத்து டைரக்டரம்மாகிட்ட துண்டு விஷயத்தை நீங்க ஒரு வார்த்தை…

— அதை நீங்கதான் சொல்லணும். ஆபீஸ் ரூம்லதான் இருக்காங்க, போற வழிதான்.

— சொல்லிடறேன். சொல்லித்தான் ஆகணும். ஏழாம் கட்டிலை அப்பப்போ பாத்துக்குவீங்கல்ல?

— அவர் துணியை பதினோரு வருஷமா நான்தான் துவைக்கறேன். விரலுக்குத்தான் நேரம் இருக்காது, பாக்கறேன்.

— உங்களுக்கு ஒத்தாசைக்கு வேற ஆள் வருவாங்கல்ல?

— வந்தா வருவாங்க. அந்த முனையைக் குடுங்க, நான் தனியாவே மடிச்சுக்கறேன். நீங்க போய் உங்க பெட்டியை எடுங்க, நேரமாச்சு.

— வரேன் அக்கா. மனசார சொல்றேன், நீங்க உண்மையைச் சொன்னதுதான் பெரிய உபகாரம். வேன்ல என் பெட்டிக்கு இடம் இருக்குமான்னுதான் தெரியல. நான் வரலைன்னு நெனச்சு வேற எதையாவது அடைச்சிருப்பாங்க.

— இருக்கும். மேல கயிறு போட்டுக் கட்டின பச்சைப் பெட்டி ஒண்ணு இருக்கும். அதை இறக்கி சமையக்கட்டு வாசல்ல வெச்சுடச் சொல்லுங்க, உங்களுக்கு இடம் கிடைச்சுடும்.

— பச்சைப் பெட்டியா? எங்க டீம்ல யார்கிட்டயும் பச்சை கிடையாதே. யாரோடது?

— என்னோடது. பொண்ணுக்கு அடுத்த வாரம் தலைப்பிரசவம். நீங்க தங்கறேன்னு சொன்னப்புறம்தான் டைரக்டரம்மா எனக்கு மூணு மாசம் லீவு குடுத்தாங்க.